மகிழ்ச்சிக்கு ஒன்பது புள்ளி

அருள்நாயகத்துக்குக் கூடாரம் அடிக்கத் தெரியும் என்பதே பெரிய பிரச்சினையாகப் போய்விட்டது. தெரியாதிருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திராது. அவரும் மற்றவர்களைப்போல ஒரு மூலையில் கிடந்து மெல்ல மெல்லக் கனடியனாகியிருப்பார்.

ஆளுக்கு நாற்பத்துநாலு வயது. ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையின் மனேச்சர். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில் ஆமி நெருங்கிவர யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது அவரும் மனைவி பாலேஸ்வரியும் ஐந்து வயது மகள் கஜனியும் நடந்தார்கள். பிறகு வன்னிக் காடு. ஒன்றரை வருடத்தில் ஏழு இடங்களில் தறப்பாளைக் கூரையாகக் கட்டிக் குடியிருந்தார்கள். கடைசியில் பாலேஸ்வரியின் தாலிக்கொடியையும் அவளுடைய தமையனின் சேமிப்பையும் சேர்த்துப் பார்த்ததில் ஒருவரை அனுப்பலாம் என்று வந்தது. ஆம்பிளை முதலில் போய் மற்ற இரண்டு பேரையும் கூப்பிடுவது என்று முடிவாயிற்று. எங்கள் சனத்தில் முக்கால்வாசிக் குடும்பங்களில் எடுத்த முடிவுதான்.

ரொறன்ரோவில் டோர்செட் பார்க்கில் பதினாலாம் மாடியில் நாலு பேரோடு ஓர் அறை. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் வேலை. அகதிக் கோரிக்கை தொண்ணூற்றெட்டில் மறுக்கப்பட்டது. விசாரித்தவர் நல்ல மனிதர், அருள்நாயகம் சொன்ன எல்லாவற்றையும் நம்பினார். நம்பிவிட்டு, கொழும்பில் போய் இருக்கலாமே என்று கேட்டார். மிச்சமிருந்தது ஒரே ஒரு வாசல். மனிதாபிமான அடிப்படையில் விண்ணப்பிப்பது.

"இதிலை ரெண்டு விசயம் அண்ணை," என்றாள் லோயரின் கந்தோரில் மொழிபெயர்க்கும் பேபி. "ஒண்டு, நீங்கள் இந்த நாட்டோடை ஒட்டிட்டீங்கள் எண்டு காட்டோணும். மற்றது, திரும்பிப் போனா மனுசர் தாங்கேலாத கஷ்டம் எண்டு காட்டோணும். முதலாவதுக்கு ஒரு தமிழ் அமைப்பிட்டைக் கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ."

"ரெண்டாவதுக்கு?"

"அதுக்கு உங்கட கதை இருக்குத்தானே."

கடிதம் தருகிற இடம் தமிழர் இசைவாக்க நிலையம். பிளாசா ஒன்றில் சேலைக்கடைக்கும் ட்ரைவிங் பழக்கும் இடத்துக்கும் மேலே மாடியில் இருந்தது. வந்து இறங்கிய சனத்தைக் கனடாவோடு இசைய வைப்பது அதன் தொழில். எதைக்கொண்டு இசைய வைப்பது என்பதை நிதி தருபவர்கள் வருடாவருடம் தீர்மானிப்பார்கள். ஒரு வருடம் 'பனிக்காலத்தில் உடுத்தல்' வகுப்பு நடந்தது. அடுத்த வருடம் 'மன அழுத்தத்தைக் கையாளுதல்'. அந்த வகுப்புக்கு வந்தவர்களில் பலருக்கு மன அழுத்தம் இருக்கவில்லை, வகுப்பு முடியும்போது வந்திருந்தது. தொண்ணூற்றொன்பதில் எங்கேயோ ஒருவர் ஆராய்ச்சி செய்து, புதிதாக வந்த குடிகள் காடு, கரை, பூங்கா ஒன்றுக்கும் போவதில்லை, கூடாரத்தில் படுக்காதவர்கள் நாட்டோடு ஒட்டமாட்டார்கள் என்று எழுதிவிட்டார். உடனே நிலையத்தில் 'வெளிப்புற வாழ்வுப் பயிற்சி' பிறந்தது. அந்தப் பயிற்சியை முடித்தவருக்குத்தான் அந்த வருடம் கடிதம்.

பணிப்பாளர் சிவபாதம் இலங்கையில் உதவிக் கல்விப் பணிப்பாளராக இருந்தவர். எண்பத்துநாலில் கொழும்பிலிருந்து நேரே விமானத்தில் வந்தவர். காட்டை அவர் விமான யன்னலால் ஒருமுறை பார்த்திருக்கிறார்.

"கடிதம் தாறதுக்கு எனக்கென்ன வலிக்குதே," என்றார் சிவபாதம். "ஆனா நிலையத்துக்கு எண்டு ஒரு ஒழுங்கு இருக்கு. மூண்டு நாள் காம்பிங். முடிச்சீரெண்டாச் சான்றிதழ். சான்றிதழோடை கடிதம்."

"சேர், நான் காட்டிலை ஒண்டரை வருசம் இருந்தனான்."

"அது வேறை. அதை ஆரும் ஒழுங்குபடுத்தி நடத்தேல்லை."

அருள்நாயகம் பெயரைப் பதிந்தார். விண்ணப்பம் ஆவணிக்குள் போய்ச் சேரவேண்டும். பயிற்சி ஆடி மாதக் கடைசி வெள்ளியில் தொடங்கி ஞாயிறு முடிகிறது. வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு சொன்னார். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால், வன்னியிலிருந்து வந்த ஒருவர் பாலேஸ்வரியின் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். எழுதி மூன்று மாதமான கடிதம். கஜனிக்கு மலேரியா திரும்ப வந்திருக்கிறதாம். தறப்பாள் ஓட்டையாகி, மழை நேரத்தில் அந்தப் பக்கத்தை இரவிரவாகக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டி இருக்கிறதாம். நீங்கள் குளிருக்குக் கவனமாக இருங்கோ என்று முடித்திருந்தாள். அதை மடித்துச் சேட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டுதான் அவர் நிலையம் பிடித்த வான் வண்டியில் ஏறினார்.

பூங்கா ஸ்காபரோவின் கிழக்கு எல்லையில் இருந்தது. மணற்பாறைச் செங்குத்து, அதன் தலையில் அடர்ந்த காடு, காலடியில் ஏரி. ஏரி என்பது பெயர்தான். அக்கரை தெரியாது, அலை அடிக்கும், கடற்காகங்கள் கத்தும். எங்கள் சனம் அதைக் கடல் என்றுதான் சொல்வார்கள். வாசலில் பலகையில் இருபத்திரண்டு விதிகள் எழுதியிருந்தன. வந்து இறங்கிய பதினெட்டுப் பேரும் அதை மேலிருந்து கீழாக ஒழுங்காக வாசித்தார்கள். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் முதலில் வாசித்துவிடும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது.

காட்டுக்கு வந்தாலும் நிலையம் முறை தவறவில்லை. குத்துவிளக்கு வந்திருந்தது, ஒலிபெருக்கி வந்திருந்தது, பொன்னாடை நாலு வந்திருந்தது. விளக்கை ஏற்றப் போகும்போது பூங்காக் காவலர் ஓடிவந்து, நெருப்பென்றால் அந்த இரும்பு வளையத்துக்குள் மட்டும்தான் என்றார். மங்கள விளக்கைச் சாம்பலுக்குள் வைக்கச் சிவபாதம் சம்மதிக்கவில்லை. விளக்கின் தலையில் ஒரு ரோச் லைற் கட்டப்பட்டது. ஐந்து பிரமுகர்கள் வரிசையாக வந்தார்கள். முதலாமவர் ரோச்சைப் போட்டார். இரண்டாமவர் போடுவதற்காக அது அணைக்கப்பட்டது. இப்படி ஐந்து தரம் ஏற்றி, நாலு தரம் அணைத்து, காம்பிங் மங்களகரமாகத் தொடங்கியது. பிறகு பிரமுகர்கள் நாலு பேருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. ஐந்தாமவர் கோபித்துக்கொண்டு மில்லிக்கனிலுள்ள தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

தலைமையுரை நாற்பது நிமிடம்.

"காடு எண்டால் என்ன?" என்று சிவபாதம் ஒலிபெருக்கியில் கேட்டார். "காடு ஒரு வகுப்பறை. எங்கட சனம் இதை இன்னும் விளங்கிக்கொள்ளேல்லை. அங்கை எங்கட ஆக்கள் காட்டுக்கு ஏன் போனவை? பயத்திலை. இஞ்சை ஏன் போறம்? விருப்பத்திலை. இந்த வித்தியாசத்தை உங்களுக்குப் படிப்பிக்கத்தான் எங்களுக்கு நிதி தந்திருக்கினம். மூண்டு நாளும் நான் உங்களோடைதான். ஆனா எனக்கு நாரிப்பிடிப்பு, நிலத்திலை படுக்கேலாது, அதாலை இரவிலை பக்கத்து மோட்டலிலை தங்குவன். தலைமை எண்டது கொஞ்சம் வெளியாலை நிண்டு பாக்கிறதுதானே."

கை தட்டினார்கள். இவர்களுக்குக் கடிதம் வேண்டும், தட்டத்தானே வேண்டும்.

அடுத்தது முன்சோதனை. பயிற்சிக்கு முன் என்ன தெரியும், பயிற்சிக்குப் பின் என்ன தெரியும் என்று பத்துக் கட்டங்களில் புள்ளி போட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நிதி தந்தவர்களுக்குக் காட்டவேண்டும். வித்தியாசம்தான் முன்னேற்றம். இதற்குப் பொறுப்பாக இருந்தவன் கிருபன். இரண்டு வயதில் இங்கே வந்து, பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, கோடைக்கு நிலையத்தில் வேலை செய்பவன். கெட்ட பிள்ளை இல்லை. கையில் ஒரு மட்டையும் கழுத்தில் ஒரு விசிலும் இருந்தன.

"அங்கிள், ஓகே, பூச்சி பாம்புக்கு நீங்கள் எவ்வளவு பயம்? சீரோ ரு ரென்."

"பயமில்லைத் தம்பி."

"தரையிலை படுக்கிறது?"

"படுப்பன்."

"லைக், ஷோர்ட் நோட்டிசிலை இடத்தை விட்டுப் போகவேணும் எண்டால், எத்தினை மினிற்ஸிலை பாக் பண்ணுவீங்கள்?"

அருள்நாயகம் யோசித்தார். "சாமானோடையோ, சாமான் இல்லாமலோ?"

கிருபன் மட்டையைப் பார்த்தான். அதில் அப்படியொரு பிரிவு இல்லை. பத்து என்று எழுதிக்கொண்டான்.

கடைசியில் கூடாரம். பொதியைக் கொடுத்து, விசில் அடித்து, நேரம் பார்த்தான். அருள்நாயகம் செய்முறைத் தாளை எடுக்கவேயில்லை. நாலு நிமிடத்தில் கூடாரம் நின்றது. காற்றடிக்காத பக்கத்தைப் பார்த்து வாசலைத் திருப்பியிருந்தார். தண்ணீர் உள்ளே வராமலிருக்கச் சுற்றிவர ஒரு கான் வெட்டத் தொடங்கியபோது கிருபன் பதறிக்கொண்டு வந்து, பூங்காவில் மண் தோண்டக்கூடாது, பன்னிரண்டாம் விதி என்றான். மற்றவர்களும் இப்படித்தான். நவற்கிரிப் பெண்ணொருத்தி ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறுகையால் கூடாரத்தை எழுப்பினாள்.

ஹலீம் மட்டும் விதிவிலக்கு. அருள்நாயகத்தின் பக்கத்துக் கூடாரக்காரர். யாழ்ப்பாணத்தில் இரும்புக்கடை வைத்திருந்தவர். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியாலத்தில் வெளிக்கிடச் சொன்னபோது உடுத்த சாரத்தோடு வெளிக்கிட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் ஏழு வருடம் இருந்தவர். அந்த ஹலீம் நாற்பது நிமிடம் கம்புகளோடு மல்லுக்கட்டினார். கூடாரத்தை உட்பக்கம் வெளியே வரும்படி எழுப்பினார். அது அவர்மேல் விழுந்தது. உள்ளே கிடந்து உதவி கேட்டார். கிருபன் பரிதாபப்பட்டுப் பூச்சியம் போட்டான்.

"என்ன ஹலீம் நானா, உங்களுக்குத் தெரியாதோ?" என்று அருள்நாயகம் இரகசியமாகக் கேட்டார்.

"இது எனக்கு ஆறாவது கோர்ஸ் அருள்," என்றார் ஹலீம், தலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டியபடி. "முதல் நாள் மடையனா இருக்கோணும். கடைசி நாள் கெட்டிக்காரனா இருக்கோணும். நடுவிலை சாப்பாடு தருவினம். நீர் முதல் நாளே கெட்டிக்காரனாப் போனீர். இனி எங்கை போகப் போறீர்?"

இதை அருள்நாயகத்துக்கு யாரும் முதலே சொல்லவில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் படித்த சோதனைகளில் தெரிந்ததைத் தெரியும் என்றுதான் எழுதவேண்டும்.

பின்னேரமே சிவபாதம் கூப்பிட்டனுப்பினார். மடக்குக் கதிரையில் இருந்தபடி புள்ளித்தாளை நீட்டினார்.

"இதென்ன ஐசே? ஒன்பது கட்டத்திலையும் பத்துக்குப் பத்து. நீர் முன்னேறுறதுக்கு இடமே வைக்கேல்லையே."

"கேட்டதுக்குப் பதில் சொன்னனான் சேர்."

"நீர் ஒருத்தர் இல்லை, உங்களிலை பதினாறு பேர் இப்பிடிச் செய்திருக்கிறியள். ஹலீமும் இன்னொராளும்தான் ஒத்துழைச்சிருக்கினம். மூண்டு நாள் செலவழிச்சு ஒருத்தரும் முன்னேறேல்லை எண்டு நான் எப்பிடி அறிக்கை எழுதுறது? முன்னேறாத ஆளுக்கு நான் என்னெண்டு கடிதம் தாறது?"

மற்றவர்களுக்குப் புள்ளித்தாளைப் பென்சிலால் எழுதியிருந்தான் கிருபன். அவற்றை அழித்துவிடலாம். அருள்நாயகத்தின் தாள்மட்டும் முதல் தாள் ஆனபடியால் பேனையால் எழுதி, மாதிரிக்கு என்று விழாவுக்கு வந்திருந்த, நிதி தந்தவர்களின் பிரதிநிதியிடம் ஒரு பிரதி கொடுத்தாகிவிட்டது. சிவபாதம் இரவு மோட்டலில் யோசித்து, காலையில் ஒரு வழியோடு வந்தார். புள்ளியை மாற்ற முடியாவிட்டால் வீடியோவால் வெல்லலாம். அருள்நாயகம் கூடாரம் அடிக்கத் தெரியாமல் திணறுவதை எடுத்து 'முன்' என்று போடுவது. ஏற்கெனவே அடித்ததை எடுத்து 'பின்' என்று போடுவது.

"அங்கிள், ஜஸ்ற் அக்ற் பண்ணுங்கோ," என்றான் கிருபன் கமராவைத் தோளில் வைத்து. "லைக், உங்களுக்கு ஐடியாவே இல்லாத மாதிரி."

அருள்நாயகம் மனதார முயன்றார். இதைவிட எதற்கும் அவர் இவ்வளவு பாடுபட்டதில்லை. கம்பைத் தலைகீழாகப் பிடித்தார், துணியை நிலத்தில் இழுத்தார். ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு காற்று வந்து துணியைத் தூக்கியதும் அவருடைய கைகள் அவரைக் கேட்காமல் அதன் மூலையைப் பிடித்து மரத்தோடு முடிந்துவிட்டன. காட்டில் துணி பறந்தால் நனைவது கஜனி. கைக்கு அதுதான் தெரியும். "மற்றத் தரம்," என்றார் சிவபாதம். மற்றத் தரமும் கைகள் மூலையை முடிந்துவிட்டன. மூன்றாம் தரம் கையைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். அருள்நாயகம் அப்படியே நின்றார். கூடாரத் துணி பறந்துபோய்ப் பாறை விளிம்பிலுள்ள செடியில் தொங்கியது. அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, இதில் திணறலைவிட அக்கறையின்மைதான் கூடத் தெரிகிறது என்று சிவபாதம் சொன்னார். அதோடு கமராவின் பற்றறியும் முடிந்தது.

மத்தியானம் கோழி சுட்டார்கள். இரும்பு வளையத்துக்குள் நல்ல தணல், பெண்கள் பாணை வெட்டிக்கொண்டிருந்தார்கள், ஹலீம் தன் பங்கைத் தனியாக வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். அப்போது பாறைக்குக் கீழிருந்து சத்தம் கேட்டது. மரங்களின் தலை ஆட, ஒரு ஹெலிகொப்ரர் தாழப் பதிந்து கரையோடு வந்தது. சிறு வள்ளத்தோடு காணாமற்போன யாரோ ஒருவரை ஏரியில் தேடுகிறார்கள் என்று பின்னால்தான் தெரியவந்தது.

கண்ணை மூடித் திறப்பதற்குள் அந்த இடத்தில் ஒரு குருவி இல்லை. யாரோ வாளித் தண்ணீரைத் தணலில் ஊற்றினார்கள். வெள்ளைச் சட்டை போட்டிருந்த பெண், வெள்ளை மேலிருந்து தெரியும் என்று அதைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு பற்றைக்குள் பாய்ந்தாள். அருள்நாயகம் கிருபனைக் கொலரில் பிடித்து இழுத்து ஒரு மரத்தடியில் குப்புறக் கிடத்தி, அவன் தலையைத் தன் கையால் மூடிக்கொண்டார். வெளியில் நின்றது சிவபாதம் ஒருவர்தான். சாப்பாட்டுக் கோப்பையோடு அண்ணாந்து பார்த்துக் கை காட்டினார்.

ஹெலிகொப்ரர் போய்விட்டது. ஒருவரும் எழும்பவில்லை. ஒன்று போனால் இரண்டாவது சுற்று வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். கால்மணித்தியாலம் கழித்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், உடுப்பைத் தட்டினார்கள், ஆளையாள் பார்க்காமல் நின்றார்கள். வெட்கமாக இருந்தது அவர்களுக்கு. ஹலீம் பற்றைக்குள்ளிருந்து கடைசியாகத்தான் வந்தார், அது நடிப்பில்லை.

"அங்கிள், என்ன நடந்தது?" என்று கிருபன் கேட்டான். மூக்கில் மண் ஒட்டியிருந்தது.

"ஒண்டுமில்லைத் தம்பி. பழக்கம்."

பொடியன் எழும்பிப்போய்ச் சிவபாதத்திடம், இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டான்.

"ஆறாவது. குழுவாக இயங்குதல்," என்றார் சிவபாதம் தயங்காமல். "ஒருத்தரும் சொல்லாமலே பதினெட்டுப் பேரும் ஒண்டாச் செய்தவை. நேற்று இவையிட்டை இது இருந்ததே? பயிற்சி வேலை செய்யுது எண்டதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? எல்லாருக்கும் பத்துப் போடும்."

கோழி சாம்பல் தண்ணீரில் நனைந்து போயிருந்தது. எல்லோரும் பாணை வெறுமையாகச் சாப்பிட்டார்கள்.

அருள்நாயகத்துக்கு இதிலும் விமோசனம் கிடைக்கவில்லை. ஆறாவது கட்டத்தில் அவருக்கு ஏற்கெனவே பத்து. ஆனால் சிவபாதம் விடாக்கண்டன். அன்று பின்னேரம் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இந்தா, பத்தாவது. 'இயற்கையில் மகிழ்ச்சி'. இதுக்கு நீர் பூச்சியம் போட்டிருக்கிறீர்."

"ஓம் சேர். எனக்குச் சந்தோசம் வரேல்லை."

"நல்ல காரியம் செய்திருக்கிறீர். அதிலை முன்னேறும். நாளைக்குக் காலமை கடற்கரையிலை படம் எடுப்பம். வடிவாச் சந்தோசமா இருந்தீரெண்டால் கடிதம் உம்மட கையிலை."

ஞாயிறு காலை ஏரி அமைதியாக இருந்தது. மணலில் கதிரை போட்டு அருள்நாயகத்தை இருத்தினார்கள். பின்னால் காடும் கூடாரமும் தெரியவேண்டும், முன்னால் தண்ணீர் தெரியவேண்டும். மகிழ்வது எப்படி என்று நிலையம் ஒரு தாள் அச்சடித்திருந்தது. சாய்ந்து இருக்கவேண்டும், தூரத்தைப் பார்க்கவேண்டும், மூச்சை இழுத்து விடவேண்டும். அருள்நாயகம் சாய்ந்தார், பார்த்தார், இழுத்து விட்டார். பொக்கற்றிலிருந்த கடிதம் நெஞ்சில் குத்தியது. தன் பெண்சாதி நனைந்த தறப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்க, தான் இங்கே கூடாரத்துக்கு முன்னால் கதிரை போட்டுச் சிரிக்கப் பழகுகிறோமே என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"பல்லுத் தெரியோணும்," என்றார் சிவபாதம்.

பதினொரு படம் எடுத்தார்கள். பதினொன்றிலும் பல் தெரிந்தது, சந்தோசம் தெரியவில்லை. ஒன்றில் மட்டும் பல்வலிக்காரர்போல இருந்தார். ஹலீம் மெல்லப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அருள், தண்ணியைப் பாக்காதையும். நீர் ஆருக்காக இதிலை இருக்கிறீரோ, அவையைப் பாரும்."

அருள்நாயகம் கண்ணைப் பாதி மூடினார். மிசிசாகாவில் வேலைக்குப் போகும் வழியில் தினமும் காணும் விமானநிலையம் வந்தது. கண்ணாடிக் கதவு திறக்கிறது. பாலேஸ்வரி சாமான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். அவளுக்கு அதைத் தள்ளத் தெரியாது. அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுபோய் ஒரு வெள்ளைக்காரரின் காலில் இடிக்கிறது, அவள் தமிழில் மன்னிப்புக் கேட்கிறாள். கஜனி தனக்குப் பெரிதான ஒரு கோட்டுக்குள் நின்று கையைத் தேடுகிறாள். அவளுக்கு விழுந்த முன்பல் முளைத்திருக்கும் இப்போது. அருள்நாயகம் சிரித்தார். வாய் கொள்ளாமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

படம் விழுந்தது. பத்துக்கு ஒன்பது போட்டார்கள். கண் முழுதாகத் திறந்திருந்தால் பத்துத் தந்திருப்பேன் என்று சிவபாதம் சொன்னார்.

சான்றிதழோடு வந்த கடிதத்தைச் சிவபாதமே தன் கைப்பட ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதினார். படமும் சேர்த்துக் குத்தப்பட்டிருந்தது. அருள்நாயகம் நன்றி சொல்லிச் சொல்லி, படியில் இறங்கும்போதும் ஒருமுறை திரும்பிக் கும்பிட்டார். பேபி வாசித்துப் பார்த்தாள்.

"நல்லா எழுதியிருக்கு அண்ணை. ஒரு நாட்டோடை இதைவிட ஒருத்தரும் ஒட்டேலாது."

ஐப்பசி நடுவில் பதில் வந்தது. பேபி ரெலிபோனில் விசயத்தைச் சொல்லி, நிலையம் இன்னொரு கடிதம் எழுதித் தந்தால் ஏதாவது முயன்று பார்க்கலாம், நாள் அதிகம் இல்லை என்றாள். அருள்நாயகம் கடிதத்தோடு மாடிப்படி ஏறினார். சிவபாதம் மூக்குக்கண்ணாடியை மாட்டி, கோப்பைப் பார்த்த அதிகாரி எழுதியிருந்ததைத் தமிழ்ப்படுத்தி வாசித்தார்.

"விண்ணப்பதாரி கூடாரத்தில், அடிப்படை வசதிகள் இன்றி, காட்டுச் சூழலில் வாழும் உயர்ந்த ஆற்றல் உடையவர் என்பதையும், அவ்வாறு வாழ்வதில் வெளிப்படையான மகிழ்ச்சி அடைபவர் என்பதையும் இணைக்கப்பட்ட சான்றிதழும் புகைப்படமும் நிறுவுகின்றன. ஆகவே, குடும்பத்தினர் தற்போது வசிக்கும் இடத்துக்கு அவர் திரும்புவது தாங்க முடியாத கஷ்டமாக அமையாது."

சிவபாதம் அதை இன்னொரு தரம் தனக்குள் வாசித்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீரே. வரி வரியா வாசிச்சிருக்கிறாங்கள். பதினொரு வருசமா எழுதிறன், ஒருத்தனும் எங்கட அறிக்கையை முழுக்க வாசிச்சதில்லை. போட்டோவைக்கூடச் சொல்லியிருக்கிறான். இதின்ரை பிரதி ஒண்டு தாரும், ஆண்டறிக்கையிலை போடோணும்."

"சேர்," என்றார் அருள்நாயகம். "அந்தச் சிரிப்பு காட்டுக்காகச் சிரிச்சதில்லை எண்டு ஒரு கடிதம் தருவீங்களோ?"

சிவபாதம் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது.

"அதெப்பிடி அருள்நாயகம்? அப்பிடி எழுதினா நிலையம் பொய் அறிக்கை குடுத்ததெண்டு வரும். பிறகு வாற வருசம் ஒரு சனத்துக்கும் கடிதம் குடுக்கேலாமப் போகும். உம்மை ஒராளைப் பாத்து நான் சனத்தைக் கைவிடலாமே? நீர் யோசிச்சுப் பாரும்."

அருள்நாயகம் யோசித்துப் பார்த்தார். கிருபன் மேசையிலிருந்து எழுந்து வந்து கடிதத்தை வாங்கிப் பிரதி எடுத்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு, படி வரைக்கும் கூட வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதற்கடுத்த வாரம், கஜனியின் காய்ச்சலுக்கு வவுனியா ஆஸ்பத்திரியில் மருந்தெடுக்க எல்லை தாண்டும் பாஸ் கிடைத்துப் பாலேஸ்வரி பிள்ளையோடு வந்திருந்தாள். முதலே செய்தி அனுப்பியபடி, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு தொலைபேசிக் கடையின் இலக்கத்துக்கு அருள்நாயகம் எடுத்தார். இரண்டரை வருடத்தில் அவள் குரல் கேட்பது இது மூன்றாம் தரம். காய்ச்சல் விட்டிருக்கிறது என்றாள். மற்றதை அவர் சொல்லவேண்டியிருந்தது.

"நான் அங்கை வாறன் பாலேஸ்."

வரவேண்டியவர் அவரில்லை, போகவேண்டியவர்கள் தாங்கள் என்பது அவளுக்குத் தெரியும். கொழும்பில் இறங்கினால் விமானநிலையத்திலேயே பிடித்துக்கொண்டு போகப் பொலிஸ் காத்திருக்கும் என்பதும் தெரியும். அங்கிருந்து வன்னிக்கு வந்து சேர்ந்த ஆளை அவள் இதுவரை கண்டதில்லை.

"ஏன்?" என்றாள் கடைசியில். "அப்பிடி என்ன பிழை விட்டனீங்கள்?"

"படத்திலை சிரிச்சுப்போட்டன்," என்றார் அருள்நாயகம்.

அவளுக்கு விளங்கவில்லை. அவர் விளங்கப்படுத்தவும் இல்லை. அதற்குள் கஜனி ரெலிபோனைப் பிடுங்கிவிட்டாள்.

"அப்பா, நீங்கள் வாறீங்களாமே?"

"ஓம் அம்மா."

"உண்மையாவோ? எத்தினை நித்திரை கொண்டா வருவீங்கள்?"

அருள்நாயகம் கையிலிருந்த நாடுகடத்தல் தாளைப் பார்த்தார். விமானநிலையத்தில் அவர் தன்னை ஒப்படைக்கவேண்டிய திகதி அதில் தடித்த எழுத்தில் அடித்திருந்தது. விரலை மடித்து எண்ணினார்.

"இருவத்தாறு," என்றார்.

"அம்மா, இருவத்தாறு நித்திரைதானாம்," என்று கடை முழுக்கக் கேட்கப் பிள்ளை கத்தியது.